மூன்றாவது அயிட்டம்: சிலந்தி உறங்குதல்

அழைப்பிதழில் முதலில் இறைவணக்கம். அடுத்தது வரவேற்புரை. மூன்றாவதாக, கொஞ்சமும் கூச்சமில்லாமல், 'சிலந்தி உறங்குதல்' என்று தங்க நிறத்தில் அச்சடித்திருந்தார்கள். நான்காவது சிறப்பு விருந்தினர் உரை.

ஈவாஞ்சலின் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் கல்லூரிச் செயலர் அருமைநாயகத்தின் படம், கையில் பூதக்கண்ணாடியோடு. கண்ணாடி போட்டோ ஸ்டுடியோக்காரனுடையது. செயலர் அதன் வழியாக எதையும் பார்க்கவில்லை, கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மூணாவது அயிட்டத்தை எடுத்துருங்க," என்றாள் எதிரே இருந்த அருமைநாயகத்திடம்.

"ஏம்மா? அதுதான ஃபங்ஷனே! பாட்டும் டான்ஸும் எவன் வேணும்னாலும் போடுவான். சிலந்தியைத் தூங்கவச்சுக் காட்டுத காலேஜ் வேற எங்கன இருக்கு?"

"நாம தூங்க வைக்க முடியாது சார். அதாத்தான் தூங்கணும்."

"அதாவே தூங்கட்டும். உன்னை என்ன தாலாட்டா பாடச் சொல்லுதேன்? வரவேற்புரை முடிஞ்ச கையோட தூங்குனா போதும்."

"வெளிச்சமும் சத்தமும் ஆள் நடமாட்டமும் இருந்தா தூங்காது சார்."

"சீஃப் கெஸ்ட்டு யாருன்னு தெரியும்லா? வன்னியபெருமாள் அண்ணாச்சி!"

இந்தப் பெயரைச் சிலந்தியிடம் ஒருமுறை சொல்லிப் பார் என்பதுபோல இருந்தது அவர் சொன்ன தோரணை. துறைமுகத்துக்குப் போகிற சாலையில் கன்டெய்னர் யார்டு, நூற்றுக்கு மேல் லாரி, மரக்கடை, இரண்டு கல்யாண மண்டபம் என்று பரந்து கிடக்கிற வன்னியபெருமாள்தான் அந்த ஆய்வு அறைக்கு ஏசி வாங்கிக் கொடுத்தவர். ஏசி வந்து மாட்டி, ஓடி, ஒருமுறை ரிப்பேராகி, திரும்பவும் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் அதைத் திறந்துவைக்கவில்லை. தூத்துக்குடி வட்டாரத்தில் ஒரு பொருள் ஓடுவது வேறு, திறக்கப்படுவது வேறு. ஒரு ஏசிக்காக விழா எடுத்தால் நன்றாக இருக்காது என்பதால் அருமைநாயகம் அந்த அறைக்கே 'சிலந்தி உறக்க உயராய்வு நடுவம்' என்று பெயர் சூட்டிவிட்டார். 'உயர்' என்பது அவர் சேர்த்தது. அவர் டீ வாங்கி வரச் சொன்னால்கூட அதில் ஒரு வரலாற்றுச் சிறப்பு இருக்கும்.

ஈவாஞ்சலின் நாசரேத்துக்காரி, விலங்கியல் துறையில் உதவிப் பேராசிரியை. தூத்துக்குடியில் விலங்கியல் படிக்கிறவர்கள் ஒன்று முத்துச்சிப்பியைப் படிக்க வேண்டும், அல்லது முத்துச்சிப்பி ஏன் கிடைப்பதில்லை என்று படிக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி இருப்பதைத் துறைத்தலைவர் தேவபிரசாதம் ஒப்புக்கொண்டதே கிடையாது. "இம்புட்டுக் கடலை முன்னால வச்சுக்கிட்டு, சுவத்து மூலையைப் போய்ப் பாத்துக்கிட்டிருக்கியேம்மா," என்பார். இவள் சிலந்தி சுவர் மூலையில் இருப்பதில்லை, வலையும் கட்டுவதில்லை, கல்லூரி வேலியோரத்து முள் அடர்ந்த உடைமரத்தில் பூனை மாதிரிப் பதுங்கிப் பாய்ந்து இரை பிடிக்கிற இனம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவர் அடுத்த வாரமும் சுவர் மூலை என்றுதான் சொன்னார்.

அதற்கு எட்டுக் கண். ஒன்றுக்கும் இமை கிடையாது. முன்னால் இருக்கிற பெரிய கண் இரண்டும் பைனாகுலர் மாதிரி: வெளியே தெரிகிற லென்ஸ் அசையாமல் நிற்க, அதன் பின்னால் தலைக்குள் நீண்டு போகிற குழாய்தான் அங்கும் இங்கும் திரும்பும். வளர்ந்த சிலந்தியில் இதைப் பார்க்க முடியாது. முட்டையிலிருந்து வந்து சில நாளே ஆன குஞ்சுக்கு மட்டும் தலை கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும், உள்ளே குழாய்கள் ஓடுவது அப்படியே தெரியும். ராத்திரியில் அந்தக் குஞ்சு ஒற்றை நூலில் தலைகீழாகத் தொங்கித் தூங்குகிறபோது குழாய்கள் துடித்து, கால்கள் சுருண்டால் அது வெறும் ஓய்வு இல்லை. நமக்குக் கனவு வருகிறபோது மூடிய இமைக்குள் கண் ஓடுகிறதே, அதற்குச் சொந்தக்காரன் முறையில் வருகிற ஏதோ ஒன்று. வெளிநாட்டில் வேறு ஓர் இனத்தில் பார்த்துவிட்டார்கள். உடைமரத்துச் சிலந்தியில் யாரும் பார்க்கவில்லை. ஈவாஞ்சலின் பார்க்க நினைத்தாள்.

அந்த நினைப்புக்கு முதல் இடைஞ்சல் ராத்திரி. இருட்டின பிறகு பெண் ஆசிரியர்கள் வளாகத்துக்குள் இருக்கக் கூடாது என்பது கல்லூரி விதி. சரி, நாம் ராத்திரியில் வர முடியாவிட்டால் ராத்திரி நம் நேரத்துக்கு வரட்டும் என்று அவள் சிலந்தியின் பொழுதைத் திருப்பிவிட்டாள். ஜன்னலில் கறுப்புத் தாள், பல்புக்கு டைமர். இரவெல்லாம் விளக்கு எரியும், பகலெல்லாம் இருட்டு. இருட்டிலும் படம் பிடிக்கிற கேமரா ஒன்றை மைக்ராஸ்கோப்பில் பொருத்தி, அதன் திரைக்கு, சிலந்தியின் கண்ணில் அவ்வளவாகப் படாத சிவப்பில் தாள் ஒட்டி, பகலில் உட்கார்ந்து சிலந்தியின் ராத்திரியைப் பார்ப்பதாக ஏற்பாடு.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். கல்லூரியில் மனிதர்கள் இருந்ததுதான் குறை.

இரவுக் காவலர், ஆளில்லாத அறையில் விளக்கு வீணாக எரிகிறதே என்று பொறுப்பாக அணைத்துவிட்டுப் போனார். இரண்டு பக்கமும் ராத்திரியான சிலந்தி எப்போது தூங்குவதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தது. பகலில் லேப் உதவியாளர் செல்லக்கிளி வந்து டப்பென்று விளக்கைப் போடுவாள்.

"இருட்டுக்குள்ள என்னத்தப் பாக்கிய மேடம்? கண்ணு அவிஞ்சு போவும்."

"விளக்கைப் போடாதீங்கக்கா! தூங்குது!"

"தூங்குனா தூங்கட்டும், நான் என்ன அதையா கூட்டப் போறேன்? ஆமா, இதுக்குத்தான் காதே இல்லைன்னு சொன்னியளே, பொறவு எதுக்கு என்னைச் சத்தம் போடாதங்கிய?"

"காதில்லக்கா. கால்ல இருக்குத மயிர் வழியாத்தான் கேக்கும். நீங்க வாளியை வச்சது அதுக்கு இடி விழுந்த மாதிரி."

"கால்ல கேக்குதா!" என்று செல்லக்கிளி தன் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, இன்னொரு இடி விழ வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இதெல்லாம் போதாதென்று வாசலை ஒட்டிப் போகிற துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரி ஒவ்வொன்றும் போகிறபோது மைக்ராஸ்கோப் மேசை விம்மும். குஞ்சின் கால் மயிர் சிலிர்க்கும். பதிவு போச்சு.

இப்படியே, பொரிக்கப் பொரிக்கக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கறுத்து, தலைக்குள் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாத வயதுக்கு வந்துவிட்டன. சில ஒன்றையொன்று தின்றன. அந்த மட்டுக்கும் அவை கல்லூரிச் சூழலுக்குப் பழகிக்கொண்டன என்று சொல்ல வேண்டும். கடைசியாக ஒரே ஒரு குஞ்சு, மற்றவற்றைவிடச் சிறியது, இன்னும் தெளிவாக இருந்தது. விழாவுக்கு மறுநாள் அதுவும் கறுத்துவிடும். அடுத்த மழைவரை உடைமரத்தில் முட்டையும் கிடைக்காது. ஒரே ஒரு முழுத் தூக்கம் பதிவானால் போதும். இல்லாவிட்டால், 'பார்த்தேன்' என்று சொல்லலாம், காட்ட முடியாது. காட்ட முடியாததை விலங்கியலில் யாரும் மதிப்பதில்லை.

மைக்ராஸ்கோப்பை ஒரு நாளைக்கு வீட்டுக்கு எடுத்துப்போகட்டுமா என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஃபங்ஷன் அன்னைக்கு லேபுல மைக்ராஸ்கோப் இல்லைன்னா அண்ணாச்சி என்ன நினைப்பாவ?" என்றார் அருமைநாயகம்.

விழா நாள் காலை ஈவாஞ்சலின் வந்தபோது, அறை வாசலில் நைலான் கயிற்றில் ஒரு வலை கட்டப்பட்டிருந்தது. நடுவில் தெர்மாகோலில் ஒரு சிலந்தி, எருமைக் கன்று அளவு. பந்தல்காரர்கள் சுத்தியலால் ஆணியை அறைய, கட்டடமே அதிர்ந்தது.

"சார், இது வலை கட்டாத சிலந்தி."

"அது கட்டாட்டா என்னம்மா? ஃபங்ஷனுக்கு நாம கட்டணும்லா."

"அதுக்கு ஆறு காலுதான் வச்சிருக்காங்க சார்."

அருமைநாயகம் விரல் விட்டு எண்ணினார். துறைத்தலைவர் தேவபிரசாதத்தைப் பார்த்தார். இதில் தனக்குத் தனிப்பட்ட கருத்து கிடையாது என்பதுபோல தேவபிரசாதம் வானத்தைப் பார்த்தார்.

"ஏலே, இன்னும் ரெண்டு காலு ஒட்டுங்கல!" என்று பந்தல்காரர்களுக்குச் செயலர் உத்தரவிட்டார். தெர்மாகோல் தீர்ந்துவிட்டிருந்ததால், அட்டையில் வெட்டி, பின்பக்கம் 'பிஸ்கட்' என்று எழுதியிருந்த இரண்டு கால்களை ஒட்டினார்கள்.

அறைக்குள் செயலர் அறையிலிருந்த சோபாவைக் கொண்டுவந்து, மைக்ராஸ்கோப்பின் திரைக்கு நேராகப் போட்டார்கள். பக்கத்தில் மைக், ஸ்பீக்கர். பத்துப் பேர் நின்றால் மூச்சு முட்டுகிற அறையில் எதற்கு மைக் என்று ஈவாஞ்சலின் கேட்கவில்லை. கேட்கிற சக்தி அவளிடம் இல்லை. குஞ்சு கண்ணாடிக் குழாய்க்குள் ஆணி அறைகிற திசையையே பார்த்து உட்கார்ந்திருந்தது. பிற்பகலில் அறைக்கு வெளியே முற்றத்தில் கலைநிகழ்ச்சி வேறு. ஸ்பீக்கர்கள் இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

வன்னியபெருமாள் அண்ணாச்சி வந்தார். கனத்த உடம்பு, கசங்காத வேட்டி, கசங்கிய முகம். விடியற்காலையில் விளாத்திகுளத்தில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பு, அங்கிருந்து முத்தையாபுரத்தில் ஒரு கல்யாணம், அங்கே பந்தியில் பிடித்து உட்காரவைத்துப் பாயசம்வரை ஊற்றி அனுப்பியிருந்தார்கள். பின்னாலேயே இரண்டு போனோடு அவருடைய மேனேஜர் வேல்ராஜ். அண்ணாச்சி தெர்மாகோல் சிலந்தியை நிமிர்ந்து பார்த்து, "நல்லாருக்கு," என்றார். உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தார். சோபா ஒரு பெருமூச்சு விட்டது.

இறைவணக்கம். பிறகு செயலர் வரவேற்புரை. அறைக்குள் முப்பது பேர், முப்பது போன். ஆளாளுக்கு பிளாஷ் அடித்துப் படம் எடுத்தார்கள். திரையில் குஞ்சு தலையைத் தூக்கி, எட்டுக் கண்ணாலும் உயராய்வு நடுவத்தைப் பார்த்தது.

"இப்போது, நமது சிலந்தி உறங்கும்!" என்று மைக்கில் அறிவித்தார் அருமைநாயகம்.

எல்லோரும் கைதட்டினார்கள். குஞ்சு குழாயின் அடுத்த முனைக்கு ஓடியது.

"என்னம்மா, ஓடுது?"

"கைதட்டுனா ஓடத்தான் சார் செய்யும்!" ஈவாஞ்சலினுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "இருட்டு வேணும், பேச்சுமூச்சு இருக்கக் கூடாது. எத்தனை தடவை சொல்லியாச்சு!" சொன்ன கையோடு போய் சுவிட்சு எல்லாவற்றையும் அணைத்தாள்.

அறை இருண்டது. ஏசி மெல்ல இரைந்தது. திரையின் சிவப்பு மட்டும்.

"ஆகா, இந்த இருளிலே..." என்று போன் டார்ச்சைத் தாளில் அடித்துக்கொண்டு அருமைநாயகம் நிறுத்தின இடத்திலிருந்து தொடங்கினார். "கருணையே வடிவான, கப்பலுக்கே கரை காட்டும், கலங்கரை விளக்கே..." கலங்கரை விளக்கிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. உடைந்த பம்ப்செட் பிடித்துக்கொள்வதற்கு முன்னால் ஒருமுறை இழுக்குமே, அந்த மாதிரி. பிறகு இன்னொன்று. பிறகு பம்ப்செட் பிடித்துக்கொண்டது.

அண்ணாச்சி தூங்கிவிட்டார்.

அருமைநாயகம் வாயைத் திறந்தபடி நின்றார். அவர் வாழ்நாளில் இப்படியொரு சிக்கல் வந்ததில்லை. பேச்சைத் தொடர்ந்தால் அண்ணாச்சி முழித்துவிடுவார், எழுப்பிவிட்ட பாவம் சேரும். தொடராவிட்டால் பாக்கிப் புகழ்ச்சி பக்கம் பக்கமாக வீணாகும். ஈவாஞ்சலினின் கையைத் தொட்டு, மைக்கில் படாமல் கேட்டார்: "எழுப்பலாமா?"

"யாரு சார் எழுப்ப?"

நியாயமான கேள்வி. செயலர் துறைத்தலைவரைப் பார்த்தார். தேவபிரசாதம், "நான் எப்பிடி சார்? நீங்கதான் சீனியர்," என்றார். செயலர் வேல்ராஜைப் பார்த்தார். வேல்ராஜ் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். அண்ணாச்சியைத் தொட்டு எழுப்புகிற அந்தஸ்து அந்த அறையில் ஒருவருக்கும் இல்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஈவாஞ்சலின் திரையைப் பார்த்தாள். குஞ்சு நின்றிருந்தது. ஓடவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆறு மாதமாகச் சிலந்தியைச் சொல்லி, விஞ்ஞானத்தைச் சொல்லி, அழாத குறையாகக் கேட்டும் கிடைக்காத அமைதி, ஒரு மனிதர் கொஞ்சம் கண்ணசந்ததும் தானாக வந்து நிற்கிறது. இந்த மாதிரிக் கூழைக்கும்பிடுகளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. இருந்தாலும் வாயைத் திறந்தாள். வந்த வார்த்தைகள் அவளுக்கே புதுசாக இருந்தன.

"சார், அண்ணாச்சி ஊருக்காக ஓடியாடி உழைச்ச உடம்பு. நம்ம இடத்துல வந்து நிம்மதியாக் கண்ணை மூடுதாங்கன்னா, அது காலேஜுக்கே பெருமை சார். இந்த நேரத்துல ஒரு சத்தம் வந்தா, நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

அருமைநாயகத்தின் முகத்தில், இந்தப் பெண்ணை இத்தனை வருடம் தப்பாக எடைபோட்டுவிட்டோமே என்ற வருத்தம் படர்ந்தது.

"சரியாச் சொன்னம்மா," என்று காற்றாகச் சொன்னார். சைகை காட்டினார். கூட்டம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சர்ச்சில் நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்புகிற மாதிரி வரிசையாக வெளியேறியது. மைக்கின் வயரைப் பிடுங்கினார்கள். முற்றத்தில் ஸ்பீக்கர் சோதித்துக்கொண்டிருந்தவனை இரண்டு பேர் வாயைப் பொத்தித் தூக்கிப் போனதாகக் கேள்வி. வாசலில் வாளியோடு வந்த செல்லக்கிளி விஷயத்தைக் கேட்டு, "அண்ணாச்சியா? யாத்தே!" என்று வாளியைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

சாலையில் ஒரு லாரி போயிற்று. மேசை விம்மியது. குஞ்சின் முன்னங்கால் சிலிர்த்தது.

"வேல்ராஜ் அண்ணே, லாரிச் சத்தத்துல அண்ணாச்சி முழிச்சுரப் போறாங்க," என்றாள் ஈவாஞ்சலின், அவன் காதருகே.

வேல்ராஜ் வெளியே போய்ப் போனில் பேசுவது கதவிடுக்கில் கேட்டது. "ஏலே, யார்டுல இருந்து ஒரு வண்டி வெளிய வரப்பிடாது. அண்ணாச்சி தூங்குதாவ. மத்தவன் வண்டியா? அவனுவளையும் ரவுண்டானாலயே மறிச்சுப் போடு. என்ன சொல்லவா? ரோட்டுல வேலை நடக்குன்னு சொல்லு."

துறைமுகச் சாலையில் லாரி ஓட்டமே நின்றது. அப்படி ஒரு பகலை அந்தக் கட்டடம் கண்டிருக்காது. மிச்சமிருந்தது குறட்டை ஒன்றுதான். முதல் குறட்டைக்குக் குஞ்சு கால்களை ஊன்றிக் கேட்டது. போகப் போக, இது இரையும் இல்லை, எதிரியும் இல்லை, சும்மா ஒரு பெரிய மனுஷன் என்று முடிவு கட்டியதோ என்னவோ, கண்டுகொள்ளவில்லை. கண்ணாடிக் குழாயின் மேல்முனைக்கு ஏறியது. வயிற்று முனையை அங்கே ஒட்டி, ஒற்றை நூலில் இறங்கி, தலைகீழாகத் தொங்கியது. கால்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டது.

ஈவாஞ்சலின் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நூலில் ஒரு துளி தொங்குகிற மாதிரி இருந்தது. பிறகு, கண்ணாடித் தலைக்குள் அந்த இரண்டு குழாய்களும் லேசாக விலகின. நின்றன. சட்டென்று இடமும் வலமுமாகத் துடிக்கத் தொடங்கின. எதையோ துரத்துகிற மாதிரி. வெளியே லென்ஸ் அசையவில்லை, உடம்பு அசையவில்லை, உள்ளே மட்டும் ஓட்டம். ஒரு கால் சுருண்டது, எட்டும் சுருண்டன. வயிற்று முனை ஒருமுறை வெட்டியது. பிறகு அடங்கியது. பின்னொரு நேரம் அதே துடிப்பு திரும்ப வந்தது. ஒரு கடுகளவு தலைக்குள் இவ்வளவு பரபரப்பு எதற்கு, யாரைப் பிடிக்க?

அந்த அறையில் அப்போது இரண்டு பேர் தூங்கினார்கள். ஒருவருக்கு இமை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. அருமைநாயகம். "ஏம்மா, கெஸ்ட்டுக்குப் பொன்னாடை போடணுமே..."

ஈவாஞ்சலின் அவர் கையிலிருந்த பொன்னாடையை வாங்கினாள். சத்தமில்லாமல் விரித்து, அண்ணாச்சியின் வயிற்றின் மேல் போர்த்தினாள். "போட்டாச்சு சார்," என்று கதவைச் சாத்தினாள்.

அண்ணாச்சி தானாகத்தான் முழித்தார். தன்மேல் கிடந்த பொன்னாடையைப் பார்த்தார், இருட்டைப் பார்த்தார், சிவப்புத் திரையைப் பார்த்தார். அதற்குள் ஈவாஞ்சலினுக்கு ஒன்றுக்கு இரண்டாகத் தூக்கத்தின் துடிப்பெல்லாம் பதிவாகி, நகலும் எடுத்தாகிவிட்டது. அவள் விளக்கைப் போட்டாள். வெளியே நின்றவர்கள் மடை திறந்த மாதிரி உள்ளே வந்தார்கள்.

"தூங்கவேயில்ல, பாத்தியளா," என்றார் அண்ணாச்சி.

யார் என்று யாரும் கேட்கவில்லை.

"பூச்சியைச் சொல்லுதேன். நானும் அப்போ புடிச்சுக் கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கடைசிவரைக்கும் தூங்கல."

தேவபிரசாதம், "ஆமா அண்ணாச்சி, தூங்கல," என்றார். வேல்ராஜ், "பொட்டுத் தூக்கம் இல்ல," என்றான். அருமைநாயகத்துக்கு மைக் திரும்பக் கிடைத்திருந்தது. "சிறப்பு விருந்தினர் நம்மோடு இருக்கும்போது, அந்தச் சின்னஞ்சிறு உயிர்கூட மரியாதை நிமித்தம் உறங்க மறுத்துவிட்டது என்பதை, விஞ்ஞான பூர்வமாக..." என்று தொடங்கினார். கைதட்டல் எழுந்தது. திரையில் குஞ்சு மறுபடி ஓடத் தொடங்கியது.

ஈவாஞ்சலினின் கைக்குள் பென்டிரைவ் சூடாக இருந்தது. வாயைத் திறந்து சொல்லிவிடலாம். போட்டே காட்டிவிடலாம், குறட்டையோடு சேர்த்து. அவள் அண்ணாச்சியைப் பார்த்தாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம், பச்சைப்பிள்ளை மாதிரி மலர்ந்திருந்தது.

"ஆமா அண்ணாச்சி. தூங்கல," என்றாள்.

விழா முடிந்து கார் போன பிறகு அருமைநாயகம் அவளிடம் வந்தார். "மூணாவது அயிட்டம் சொதப்பிருச்சேம்மா. போட்டும், விடு. அடுத்தது எப்போ முட்டை கிடைக்கும்?"

"மழை பெய்யணும் சார்."

"அப்போ வேற ஒரு சீஃப் கெஸ்ட்டைப் போட்டு நல்லாப் பண்ணிருவோம். கலெக்டர் ஆபீஸ்ல எனக்கு ஆளு இருக்கு."

"வேண்டாம் சார்," என்றாள் ஈவாஞ்சலின் பதறி. "அண்ணாச்சியையே கூப்பிடுங்க. மத்தியானம் சாப்பாடு முடிஞ்ச உடனே வாற மாதிரிக் கூப்பிடுங்க."